தானாக நிரம்பும் நாற்பது மணி நேரம்

2018 ஆகஸ்ட் 4 ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஐந்தாம் தேதி என்பதனால்தான் அந்த நாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. வடமேற்கு ஆர்கன்சாவில் அப்போது நாங்கள் குடியிருந்த ஊரின் பொது நூலகத்தில், மகளைச் சிறுவர் கதை நேரத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கணினி மேசைகளுக்கு அருகே தன்னார்வலராக நிற்பது என் வழக்கம். அச்சுப்பொறியில் சிக்கிய தாளை எடுத்துக் கொடுப்பது, வேலை விண்ணப்பத்தை எங்கே பதிவேற்றுவது என்று காட்டுவது, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டுத் தருவது என்று அதிகச் சிரமமில்லாத பணி. அன்று வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். காலணி விளிம்பெல்லாம் பச்சைக் கறை. புல்வெளி வெட்டுகிறவர் என்று கேட்காமலே தெரிந்தது. நான்காக மடித்த ஒரு கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்து, "இதைச் செய்து முடிக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். எழுத்துகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பத்து நிமிடம்" என்றேன்.

ஏழைகளுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டைப் பெறுகிறவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். 1965இல் மெடிக்கெய்ட் தொடங்கியதிலிருந்து அப்படியொரு நிபந்தனையை எந்த மாநிலமும் நடைமுறைப்படுத்தியதில்லை. 2018 ஜூன் மாதம் ஆர்கன்சாதான் முதலில் தொடங்கியது. முதற்கட்டமாக 30 முதல் 49 வயது வரையானவர்கள். ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் இணையத்தில் பதிய வேண்டும். மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும் வரை காப்பீடு கிடையாது. உடல்நலக் குறைவு, வீட்டில் சிறு குழந்தை, படிப்பு என்று விலக்குகளும் இருந்தன. வந்தவருக்கு அவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறவர். ஆனால் அதை விலக்கு கோரும் அளவுக்கு நோயென்று அவரே கருதவில்லை. "நான்தான் வேலை செய்கிறேனே" என்றார்.

எனக்கும் அந்த நிபந்தனை அன்று நியாயமானதாகவே பட்டது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கட்டுரை எதிர்த்து எழுதும் கருத்து வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது.

அப்பாவின் அட்டை

அப்பா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருந்த இ.எஸ்.ஐ. அட்டை, ரேஷன் அட்டைக்கு அடுத்த மரியாதைக்குரிய பொருள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போவோம். அங்கே தரும் மருந்து அரசாங்கத்தின் தருமம் அல்ல, தம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்குக் கிடைப்பது என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமிதம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்ற கதையைச் சொன்னால், "ஒழைச்சுத் திங்கறவனுக்கு ஓசி வைத்தியம் எதுக்குங்க" என்பார். அந்த ஒற்றை வரியைக் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்காவுக்கு எச்-1பி விசாவில் வந்த பிறகும், என் காப்பீடு என் வேலையோடு கட்டப்பட்டிருந்ததை ஒரு குறையாக நினைத்ததில்லை. வேலை செய்கிறேன், அதனால் கிடைக்கிறது. இதில் என்ன தவறு?

தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டபோது அந்த அட்டை வெறும் தாளாகிவிட்டது. பின்னர் அப்பாவும் பெரியாஸ்பத்திரி வரிசையில்தான் நின்றார். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் பெயரும் வயதும் கேட்டாரே தவிர, என்ன வேலை, மாதம் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அதைப் பற்றி அப்பா எங்களிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் அதைத் தனியே எடுத்து யோசித்துப் பார்த்ததில்லை. அட்டைக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு வரிசைக் காலத்தை மறந்துவிடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

இன்னொன்றையும் நான் யோசித்துப் பார்த்ததில்லை. இ.எஸ்.ஐ.யிலும் கணக்கு உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கு, இன்றைய விதிப்படி 78 நாள்களுக்கு, குறையாமல் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால்தான் நோய்க்காலத்துக்கான பணம் கிடைக்கும். ஆனால் அந்த நாள்களை எண்ணியவர் யார்? ஆலையின் டைம் ஆபீஸ். அப்பா வாயிலில் நுழைவார், ஷிப்ட் முடிந்தால் வெளியேறுவார். எண்ணுவது, எழுதுவது, உரிய அலுவலகத்துக்கு அனுப்புவது எல்லாம் வேறு ஆள்களின் வேலை; அதற்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு. தாம் உழைத்தது உண்மை என்று அப்பா ஒரு நாளும் யாரிடமும் போய்ச் சொல்ல நேர்ந்ததில்லை.

பத்து நிமிடம்

நூலகத்துக்குத் திரும்புகிறேன். பதிவு செய்வதற்கு முதலில் மின்னஞ்சல் முகவரி வேண்டும். அவருக்கு அது இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் மகள் உருவாக்கித் தந்தது ஒன்று உண்டு. மகள் இப்போது டெக்சஸில் இருக்கிறாள், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்றைத் தொடங்கினோம். பெயரில் புள்ளி வைக்கலாமா, எண் சேர்க்கலாமா என்பதிலேயே கால் மணி நேரம் போயிற்று. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, சிறப்புக் குறி ஒன்று இருக்க வேண்டும் என்று திரை வற்புறுத்தியபோது, அவர் தம் நாயின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து ஒன்றைச் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்து, சரிபார்ப்புக்காக ஒரு கைபேசி எண் கேட்டது. அவருடையது முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் கைபேசி; அதில் கட்டிய பணம் அந்த வாரம் தீர்ந்திருந்தது, குறுஞ்செய்தி வராது. பின்னால் இரண்டு பேர் கணினிக்காகக் காத்திருந்தார்கள். எனக்கும் கதை நேரம் முடிந்து மகள் தேடுவாளே என்ற அவசரம். சற்றும் யோசிக்காமல் என் கைபேசி எண்ணைத் தட்டினேன். ஆறு இலக்க எண் வந்தது, உள்ளிட்டேன், திரை திறந்தது. உதவி செய்துவிட்ட மனநிறைவு எனக்கு.

அதன் பிறகு மாநிலத்தின் வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கி, கடிதத்திலிருந்த குறிப்பு எண்ணை அதனோடு இணைத்து, ஜூலை மாத மணிக்கணக்கை நிரப்பும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அவர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கினார். திங்கள்கிழமைகளில் மூன்று வீடுகள், மழை பெய்த வாரம் ஒன்றுமில்லை, ஒரு தேவாலயத்தின் புல்வெளி, மச்சானோடு போய்ச் செய்த கூரை வேலை நான்கு நாள். எப்படிக் கூட்டினாலும் நூற்றைத் தாண்டியது. "இடையில் வண்டி ஓட்டிப் போகும் நேரத்தைச் சேர்க்கலாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "வேண்டாம், சேர்த்தால் பொய்யாகிவிடும்" என்று அவரே முடிவு செய்தார். எல்லாம் முடிந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

"முடிந்ததா?" என்றார்.

"இந்த மாதத்துக்கு முடிந்தது. செப்டம்பர் ஐந்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும்."

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்று காலையில் இரண்டு புல்வெளிகள் இருந்தன. வெயில் ஏறிவிட்டது. வேலை செய்தேன் என்று சொல்வதற்காக வேலையை விட்டு வந்திருக்கிறேன்." அதில் கசப்பு ஒன்றும் தெரியவில்லை, வேடிக்கையைக் கவனித்த தொனிதான். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வாராந்திர டைம்ஷீட்டைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு நாளுக்கும் எட்டு மணி நேரம் என்று, மொத்தம் நாற்பது மணி நேரம், எப்போதும் தானாகவே நிரப்பப்பட்டிருக்கும். சமர்ப்பி என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும். காப்பிக்காக எழுந்து போன நேரம், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்த நேரம், மகளின் பள்ளி நிகழ்ச்சிக்காக மூன்று மணிக்கே கிளம்பிய வெள்ளிக்கிழமை, எல்லாம் அந்த நாற்பதுக்குள் அடக்கம். வண்டி ஓட்டிய நேரத்தைச் சேர்த்தால் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சிய மனிதரின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினேன். அந்த உறுத்தல் அன்று மாலைக்குள் மறைந்தும் போயிற்று.

செப்டம்பர் மாதச் சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை, அக்டோபரிலும் இல்லை. நவம்பரில் உள்ளூர்ச் செய்திகளில் காப்பீட்டை இழந்தவர்களின் எண்ணிக்கை வரத் தொடங்கியபோது அவரை நினைத்தேன். நினைத்ததோடு, உள்ளுக்குள் ஒரு தீர்ப்பையும் எழுதினேன். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம்தானே. முதல் தடவை இருந்த சிக்கல்கள்கூட இனி இல்லை. கணக்கு இருக்கிறது, கடவுச்சொல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்காக இந்தச் சிரமத்தைக்கூட ஏற்காதவரை என்ன செய்ய முடியும்? அப்பாவின் குரல் என் வாய்க்குள்ளிருந்து எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஆறு இலக்கம்

அந்த ஆண்டு முடிவதற்குள் ஆர்கன்சாவில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச் 27 அன்று வாஷிங்டனில் மத்திய நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு தருவது மெடிக்கெய்ட் சட்டத்தின் அடிப்படை நோக்கம். நிபந்தனைக்கு ஒப்புதல் அளித்த சுகாதாரத் துறைச் செயலர், அதனால் எத்தனை பேர் அந்தக் காப்பீட்டை இழப்பார்கள் என்பதை உரியவாறு கருதிப் பார்க்கவில்லை என்பது தீர்ப்பின் மையம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர் கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தவர். நாள்பட்ட நுரையீரல் நோயாளி. ஒரு முறை தெரிவித்தால் போதும் என்று நினைத்துவிட்டார். காப்பீடு போயிற்று, மருந்து வாங்க முடியவில்லை, நோய் முற்றி, கடைசியில் இருந்த வேலையும் போயிற்று. வேலைக்கு ஆளை அனுப்புவதற்காக வகுத்த விதி, வேலையில் இருந்த ஆளை வெளியே அனுப்பியது.

2019 ஜூன் மாதம் ஒரு மாலை, எங்கள் தெருமுனை வீட்டில் புல்வெளி வெட்டிக்கொண்டிருந்தவரை அடையாளம் கண்டுகொண்டு போய்ப் பேசினேன். காப்பீடு என்னவாயிற்று என்று கேட்டேன். நவம்பரில் மருந்துக் கடையில்தான் தெரிந்ததாம். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாப்பிட்டிருக்கிறார். நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: "செப்டம்பரில் ஏன் நீங்கள் பதியவில்லை?"

"முயன்றேன்" என்றார். "வேலை முடித்து வந்து, பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் உட்கார்ந்தேன். மாநிலத்தின் தளம் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மாற்றுவதற்கான இணைப்பை மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. மின்னஞ்சலைத் திறக்கப் போனால், புதிய கணினி என்று சொல்லி ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. எண்ணைக் கைபேசிக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னது. என் கைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. பையன் இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். ஒன்பது மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்களே, விட்டுவிட்டோம்."

ஒன்பது மணி பற்றி அவர் சொன்னது மிகையல்ல. இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை அந்தத் தளம் இயங்காது. பகல் முழுவதும் வெளியே வேலை செய்கிறவர் இரவில் வந்து, தாம் வேலை செய்ததைத் தெரிவிக்க முடியாது. தொலைபேசியில் தெரிவிக்கும் வசதியையே டிசம்பரில்தான் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் கைபேசியில் பழைய குறுஞ்செய்திகளைத் தேடினேன். 2018 செப்டம்பர் 4, இரவு 8.41க்கு ஒரு ஆறு இலக்க எண். 8.44க்கு இன்னொன்று. அப்போது நான் மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த இரவு எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. யாரோ என் கணக்கில் நுழையப் பார்க்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லி, எச்சரிக்கையோடு என் சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினேன். கணினித் துறையில் அப்போது பதினான்கு ஆண்டுகள் அனுபவம் எனக்கு.

இதை அவரிடம் சொன்னேனா என்று வாசிப்பவர் கேட்கலாம். மறுநாளே போய்ச் சொன்னேன். "நல்லெண்ணத்தோடுதானே கொடுத்தீர்கள்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

என் தவறு என் தவறுதான். அதை அரசின் தலையில் கட்டப்போவதில்லை. ஆனால் அன்று முதல் என்னால் முடியாமல் போனது ஒன்று உண்டு. "ஒரு மணி நேரம்தானே" என்று யாராவது சொல்லும்போது தலையாட்ட முடியவில்லை. அவர் மாதம் நூறு மணி நேரம் உழைத்தார். அதைச் சொல்லவும் முயன்றார். இரண்டுக்கும் இடையில் ஓர் அந்நியனின் கைபேசி இருந்தது. அடுத்த ஆளுக்கு அந்த இடத்தில் வேறொன்று இருந்திருக்கும்: வீடு மாறியதால் சேராத கடிதம், புரியாத சொல், பேருந்து இல்லாத ஊர். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2019 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு இதையே எண்களில் சொன்னது. விதிக்கு உட்பட்ட வயதினரில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனையை நிறைவு செய்தவர்கள், அல்லது விலக்குக்கு உரியவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அப்படியொரு விதி இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. வேலைவாய்ப்பு கூடியதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வில், காப்பீட்டை இழந்தவர்களில் 64 விழுக்காட்டினர் செலவுக்கு அஞ்சி மருந்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை சாப்பிட்டவரை எனக்குத் தெரியும் என்பதால் அந்த 64 எனக்கு எண்ணாகத் தெரியவில்லை.

மிச்சம் எங்கிருந்து வருகிறது

என் தொழில் இணைய வணிகத் தளங்களுக்கான திரைகளை வடிவமைப்பது. கூடையில் பொருளைப் போட்டவர் பணம் செலுத்துவதற்குள் விலகிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் அணியின் முழுநேரக் கவலை. கூடுதலாக ஒரு திரை வைத்தால் இத்தனை பேர் போய்விடுவார்கள், ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னால் இத்தனை பேர் என்று நாங்கள் அளந்து வைத்திருக்கிறோம். ஒரே ஒரு திரையை நீக்குவதற்காக மூன்று மாதம் உழைத்த அணிகளைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் மின்னஞ்சல், குறிப்பு எண், மாதாந்திரப் பதிவு, இரவில் பூட்டு என்று ஒரு பாதையை யாராவது அமைத்தால், அதன் மறுமுனைக்கு எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பது எங்கள் துறையில் இளநிலைப் பணியாளருக்குக்கூடத் தெரியும். அமைத்தவர்கள் தெரிந்தே செய்தார்கள் என்று குற்றம் சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தே இருக்கிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்த நிபந்தனையை நாடு முழுவதற்கும் விரித்திருக்கிறது. ஒபாமா காலத்துச் சட்டத்தின் கீழ் மெடிக்கெய்ட்டை விரிவாக்கிய மாநிலங்களில், அந்த விரிவாக்கத்தால் காப்பீடு பெறும் 19 முதல் 64 வயது வரையானவர்கள், 2027 ஜனவரி 1 முதல் மாதம் 80 மணி நேர வேலையையோ படிப்பையோ சமூகப் பணியையோ காட்ட வேண்டும். 13 அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள குழந்தையின் பெற்றோர், கடும் நோயாளிகள் போன்றோருக்கு விலக்கு உண்டு. மணிக்கணக்குக்குப் பதிலாக மாதம் 580 டாலர் வருமானத்தைக் காட்டினாலும் போதும். மத்தியக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை 80ஆல் பெருக்கினால் வரும் தொகை அது. இதன் மூலம் பத்து ஆண்டுகளில் 32,600 கோடி டாலர் மிச்சமாகும் என்று காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது. 2034ஆம் ஆண்டு வாக்கில் கூடுதலாக 53 இலட்சம் பேர் காப்பீடு இல்லாதவர்கள் ஆவார்கள் என்பதும் அவர்களுடைய மதிப்பீடே.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் போதும். எல்லோரும் நிபந்தனையை நிறைவு செய்து, காப்பீட்டிலும் தொடர்ந்தால் அரசுக்கு ஒரு டாலரும் மிச்சமாகாது. கணக்கெடுக்கும் செலவு கூடத்தான் செய்யும். வேலை கிடைத்து வருமானம் கூடி அவர்கள் தாமாகவே வெளியேறுவார்கள் என்றால் அது நல்ல மிச்சம். ஆனால் 2023இல் இதைப் போன்றதொரு முன்மொழிவை ஆராய்ந்தபோது, பயனாளிகள் வேலை செய்வதிலோ அவர்களுடைய வேலை நேரத்திலோ மாற்றம் இராது என்று அதே அலுவலகம் சொல்லியிருந்தது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஆறு இலக்க எண் வந்து சேராத வீடுகளிலிருந்து வருகிறது. ஜார்ஜியா 2023 ஜூலையிலிருந்து இதே நிபந்தனையோடு ஒரு திட்டத்தை நடத்துகிறது. முதல் ஆண்டில் 25,000 பேர் சேருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 4,300 பேரளவில் சேர்ந்தார்கள். அங்கே மருத்துவத்துக்குச் செலவானதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நிர்வாகத்துக்குச் செலவானதை மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2025இல் எடுத்துக்காட்டியது. அந்தப் பணம் வீணாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அது என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்குச் சம்பளமாகப் போயிருக்கும்.

சென்ற பொங்கல் விழாவில் நண்பர் ஒருவரோடு இது பற்றி நீண்ட நேரம் வாதம் நடந்தது. அவருடைய ஆதங்கத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. "நாம் இருபது வருடமாக வரி கட்டுகிறோம். எச்-1பி விசாவில் இருக்கும் வரை மெடிக்கெய்ட் கிடையாது. பச்சை அட்டை வாங்கினாலும் பெரும்பாலானவர்கள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். நமக்கு வேலை போனால் அறுபது நாளில் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். நம்மிடம் எல்லா நிபந்தனையும் உண்டு. அவர்களிடம் மாதம் எண்பது மணி நேரம் கேட்பது மட்டும் கொடுமையா?" என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. 2020 ஏப்ரலில் எனக்கே வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்கும் வரை நாற்பத்தொரு நாள். அந்த நாற்பத்தொரு நாளும் பழைய காப்பீட்டை கோப்ரா (COBRA) என்ற சட்டத்தின்படி நீட்டிக்க, நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து நானே செலுத்தினேன். அதற்கான படிவம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. மனைவி அங்கே குடிவந்தவர்களிடம் கேட்டு வாங்கி வராவிட்டால் கெடுவைத் தவறவிட்டிருப்பேன்.

ஆனால் நண்பரின் வாதத்தில் ஒன்று விடுபட்டுப் போகிறது. நாங்களும் உழைப்பை நிரூபிக்கிறோம்தான். எங்களுக்காக அதைச் செய்பவர்கள் வேறு. சம்பளச் சீட்டை நிறுவனம் தயாரிக்கிறது, விசா விண்ணப்பத்தை நிறுவனத்தின் வழக்கறிஞர் நிரப்புகிறார், காலாவதியாகும் தேதியை மனிதவளத் துறை ஆறு மாதம் முன்பே நினைவூட்டுகிறது. அப்பாவுக்கு டைம் ஆபீஸ், எனக்கு இவர்கள். புல்வெளி வெட்டுகிறவருக்கு அவரே தொழிலாளி, அவரே டைம் ஆபீஸ், அவரே வழக்கறிஞர். அந்த மூன்று வேலைகளில் ஒன்றுக்குத்தான் கூலி உண்டு. இதைச் சொன்னபோது நண்பர், "அப்படியென்றால் அந்த வசதியை அவர்களுக்கும் செய்து கொடுக்கலாமே, நிபந்தனையையே எடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் சம்பளப் பதிவுகளைக் கொண்டு தானாகவே சரிபார்க்கலாம் என்று புதிய சட்டமும் சொல்கிறது. நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது உதவும். மூன்று வீடு, ஒரு தேவாலயம், மச்சானோடு கூரை வேலை என்று இருப்பவரின் ஜூலை மாதம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மெடிக்கெய்ட்டில் இருக்கும் உழைக்கும் வயதினரில் வேலை செய்பவர்கள், வீட்டில் யாரையாவது பராமரிப்பவர்கள், நோயாளிகள், படிப்பவர்கள் ஆகியோரைச் சேர்த்தால் 92 விழுக்காடு ஆகிறது என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது. எஞ்சிய எட்டுப் பேரைப் பிடிப்பதற்காக நூறு பேரையும் வரிசையில் நிறுத்தலாம் என்று ஒருவர் கருதினால், அது ஒரு நிலைப்பாடு. அந்த வரிசையில் யார் யார் மயங்கி விழுவார்கள் என்பதையும் அவர் சேர்த்தே சொல்ல வேண்டும். நண்பர் அதற்கு மறுமொழி சொல்வதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள்.

2019 ஜூன் மாதம் அந்தத் தெருமுனையில் மன்னிப்புக் கேட்கப் போன நாளில், நீதிமன்றம் நிபந்தனையை நிறுத்திவிட்டது என்றும், புதிதாக விண்ணப்பித்தால் காப்பீடு மீண்டும் கிடைக்கும் என்றும் அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை நூலகத்துக்கு வரச் சொன்னேன்; வந்தார். இம்முறை அவருடைய சொந்தக் கைபேசி எண்ணையே கொடுத்தோம். அதற்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு, மேசையை விட்டு எழாமல் திரையைப் பார்த்துக்கொண்டே, "மறுபடியும் மாதா மாதம் கணக்குக் கேட்பார்களா?" என்றார்.

"கேட்கமாட்டார்கள்" என்றேன்.

2027இல் அவருக்கு ஐம்பத்து நான்கு வயது ஆகும்.